நெல்லுக்குள் இரண்டு நாள்

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு என் பேச்சைக் கேட்காது. இதை ஊரே சொல்லும். என் பெண்டாட்டி தையலம்மாள் ஊரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லுவாள். போகட்டும், அது இருபத்தைந்து வயதிலிருந்து இருக்கிற வியாதி, அறுபத்திரண்டில் யார் மருந்து சாப்பிடுவது?

அன்றைக்கு அறுப்பு மிஷின் வயலில் நின்றுகொண்டிருந்தது. ஆறு பேர் டீக்காகக் காத்திருந்தார்கள், தையலும் அங்கேதான் இருந்தாள். வீட்டுக்கு மூன்று தடவை போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. கொதித்துப்போய் வீட்டுக்கு வந்து பார்த்தால், என் மருமகள் அருள்மொழி காதில் எதையோ மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அரியாங்குப்பத்து இன்ஜினியரோடு ஒரு சுவரை நாலு இஞ்ச் தள்ளுவதா வேண்டாமா என்று பேச்சு நடக்கிறது. தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

"இந்தப் பொட்டியத் தூக்கிக் கெணத்துல போட்டாத்தான் இந்த வூடு உருப்படும்."

அருள்மொழி எழுந்துபோய் டீ போட்டு, தூக்கில் ஊற்றி, என் கையில் கொடுத்தாள். அதோடு சரி. அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வேளைக்குச் சாப்பாடு வரும், குழம்பில் குறை இருக்காது, "மாமா சாப்பிட வாங்க" மட்டும் வராது. அதற்குப் பதிலாகத் தட்டைத் தரையில் வைக்கிற சத்தம் வரும். நானும் விறைப்பாகத்தான் இருந்தேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சிவில் டிப்ளமோ படித்தவள். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைவதுதான் அவள் வேலை. அந்த கம்ப்யூட்டர் அவள் கல்யாணத்துக்கு முன்பே சம்பாதித்து வாங்கியது, பீரோவோடு வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் மகன் விஜயராஜ் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், மாதத்துக்கு ஒரு தடவை வருவான். அவன் இல்லாத வீட்டில் மாமனார் மாமியாரோடு முகம் சுளிக்காமல் இருக்கிற பெண் இந்தக் காலத்தில் எத்தனை பேர் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, நாக்குக்குத் தெரியவில்லையே.

ஒரு வாரம் இப்படிப் போனது. வெள்ளிக்கிழமை காலையில் அருள்மொழியின் அக்கா குழந்தைக்குக் காது குத்து என்று தையலும் அவளும் அரியாங்குப்பம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார்கள். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, நான் தங்கிவிட்டேன்.

மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. எங்கள் வீடு முன்பக்கம் தளம் போட்ட மெத்தை, பின்பக்கம் ஒரு அறை மட்டும் சிமெண்ட் ஷீட்டு. அந்த அறையில்தான் கம்ப்யூட்டர். ஷீட்டில் போல்ட்டு அடித்த இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, தண்ணீர் இறங்குகிறது, ஒரு துணியில் தார் தடவி அடைத்துவிடுங்கள் என்று அருள்மொழி எனக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாள். இரண்டு தடவையும் நாளைக்கு என்றேன். விவசாயி வீட்டில் நாளைக்கு என்பதற்கு அர்த்தமே வேறு.

அறைக்குள் போய்ப் பார்த்தேன். மேலிருந்து தண்ணீர் நேராக அந்தப் பெட்டியின் தலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மேஜையெல்லாம் குளம்.

ஓடிப்போய் ஒயர்களைப் பிடுங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்து, பக்கவாட்டுத் தகட்டைத் திருப்புளி வைத்துத் திறந்தேன். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். பச்சை நிறத்தில் நீளமாக ஒரு அட்டை நின்றது. விஜயராஜ் ஒரு தடவை அதைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் கழற்றித் துண்டால் துடைத்துத் தனியே வைத்தேன். மற்றதில் கை வைக்கப் பயம்.

அப்போதுதான் என் போன் ஞாபகம் வந்தது. மாசி மாதம் என் போன் பம்புசெட் தொட்டியில் விழுந்துவிட்டது. அருள்மொழிதான் அதை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்து, இரண்டு நாள் யாரும் தொடக்கூடாது என்றாள். மூன்றாம் நாள் போன் நன்றாகப் பேசியது. எனக்கு யோசனை சரியாகத்தான் பட்டது. போனுக்கு அரிசி டின் என்றால் இத்தனை பெரிய பெட்டிக்கு அரிசி டின் போதுமா? கூடத்தில் காயவைத்த நெல் அம்பாரமாகக் கிடக்கிறது. நடுவில் குழி பறித்தேன். திறந்த பெட்டியை அப்படியே உள்ளே இறக்கி, மேலே நெல்லைத் தள்ளி மூடினேன். உள்ளேயும் இரண்டு மரக்கால் அள்ளிப் போட்டேன், உள்ளீரம் வாங்கட்டும் என்று.

ஞாயிறு மதியம் தோண்டி எடுத்தேன். கவிழ்த்து, தட்டி, உதறினேன். பச்சை அட்டையை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். தகட்டை மூடி, மேஜையைத் துடைத்து, எந்த ஒயர் எந்த ஓட்டையில் நுழைகிறதோ அதில் அதைச் சொருகினேன். சுவிட்சைப் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒழுகலைச் சொல்ல வேண்டும், ஒழுகலைச் சொன்னால் இரண்டு தடவை நாளைக்கு என்றதைச் சொல்ல வேண்டும். பேசாத மருமகளிடம் போய் நானாக வாயைத் திறப்பதா என்ற வீறாப்பு வேறு.

திங்கட்கிழமை காலை அருள்மொழி சுவிட்சைப் போட்டாள். நான் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளே விசிறி கரகர என்று சுற்றியது. பெட்டி விட்டு விட்டுக் கூவியது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை, சிக்னல் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு இருட்டாகிவிட்டது. அவள் ஒயரைக் கழற்றி மாட்டினாள். பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து டிவியில் சொருகிப் பார்த்தாள். டிவியும் இருட்டு. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைத் திருப்பினேன்.

சமையல்கட்டில் தையல் என்னைப் பிடித்துக்கொண்டாள். இன்னா செஞ்சீங்க என்று கேட்டாள். நான் இன்னா செஞ்சேன் என்று எகிறினேன். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு என் எகிறலைப் பார்த்தே தெரிந்துவிடும். பெருமூச்சு விட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

அருள்மொழி பின்பக்கம் நின்று அவள் அம்மாவோடு போனில் பேசியது எனக்குக் கேட்டது. அழவில்லை, மெதுவாகத்தான் பேசினாள்.

"போவும்போது நல்லாத்தாம்மா இருந்துச்சி. சொன்னபடி கெணத்துல போடல, அவ்ளோதான்."

அந்த ஒரு வரிக்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நான் வேண்டுமென்றே கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறாள். நினைக்காமல் என்ன செய்வாள், ஊர் கேட்கச் சொன்னவன் நான்தானே.

பிறகு தையலிடம் வந்து அமைதியாகச் சொன்னாள். அவள் தம்பி கலைச்செல்வன் நாலு மணிக்குக் குட்டியானை லோடு வண்டி எடுத்துக்கொண்டு வருவான். கம்ப்யூட்டர், மேஜை, துணிமணி எல்லாம் ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள். இனிமேல் அங்கிருந்தே இன்ஜினியர் ஆபீசுக்குப் போய்க்கொள்வாள். விஜயராஜிடமும் பேசிவிட்டாளாம், அரியாங்குப்பத்திலேயே வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று. தையல் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சி, ஒரு மெக்கானிக்கையாவது வரச்சொல்லிப் பார் என்றாள். உள்ளே இருக்கிற பிளான்களை எடுக்க எப்படியும் ஆள் வேண்டும் என்று அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டாள்.

நாலு மணி வரைக்கும் எனக்கு அவகாசம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. இரண்டு தடவை அறை வாசல் வரைக்கும் போனேன். அவள் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவையும் தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது போய்ச் சொன்னால் பொய் என்றுதான் நினைப்பாள். அந்த நெல் கதையை யார் நம்புவார்கள்? எனக்கே சொல்லிப் பார்த்தால் நம்பும்படி இல்லை.

மெக்கானிக் வில்லியனூரிலிருந்து வந்தார். ஜெயசீலன் என்று பேர், நாற்பத்தைந்து வயதிருக்கும், அலட்டல் இல்லாத மனுஷன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தரையில் பேப்பரை விரித்து, பெட்டியை அதன்மேல் படுக்க வைத்தார். முதல் கேள்வியே என் அடிமடியில் கை வைக்கிற கேள்வி. கீழே விழுந்ததா, இடி இடித்ததா, தண்ணீர் பட்டதா என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அரை மணி நேரம் மிச்சம் என்றார். அருள்மொழி தெரியாது என்றாள். தையல் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் தன் பையிலிருந்து வேறு ஒயர் எடுத்து மாட்டிப் பார்த்தார். திரையைத் தன் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தார், திரை நன்றாக இருந்தது. பெட்டிக்குக் கரண்டு கொடுத்துவிட்டுக் காதைக் கிட்ட வைத்து அந்தக் கூவலைக் கேட்டார். மெமரி அகப்படவில்லை என்றால்தான் இப்படிக் கூவும், போர்டு உயிரோடுதான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். எனக்கு முதல் மூச்சு வந்தது. அப்புறம் அவர் தகட்டைத் திறந்தார், வந்த மூச்சு போய்விட்டது.

தகட்டோடு நாலைந்து நெல் பேப்பரில் விழுந்தது. அவர் புருவத்தைத் தூக்கினார். பச்சை அட்டையை, அதுதான் அந்த மெமரியாம், விரலால் அசைத்துப் பார்த்து, சரியாக உட்காரவில்லை என்று முனகிக்கொண்டே கழற்றினார். போன் விளக்கை அடித்து அது உட்காரும் பள்ளத்தைப் பார்த்தார். இடுக்கியை விட்டு நெம்பினார். ஒரு நெல் வந்தது. மறுபடி விட்டார், இன்னொன்று, அதோடு கொஞ்சம் உமி. பெட்டியைத் தூக்கிச் சாய்த்ததும் எந்த மூலையில் ஒளிந்திருந்ததோ, ஒரு கைப்பிடி நெல் சலசலவென்று பேப்பரில் கொட்டியது.

"பதினஞ்சு வருசமா இந்த வேல பாக்குறேன். எலி பாத்திருக்கேன், பல்லி முட்ட பாத்திருக்கேன். அறுவட இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஜெயசீலன்.

அருள்மொழி அந்த நெல்லைப் பார்த்தாள். கூடத்து அம்பாரத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

"கெணத்துக்கு பதிலா இதா மாமா?"

பத்து நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. ஆனால் என் வாயில் எது வந்தாலும் கத்தலாகத்தானே வரும். கத்திக்கொண்டேதான் சொன்னேன்.

"ஆமாம்மா, நான்தான் போட்டேன். கெடுக்கப் போடல. ஒழுவுச்சி, பொட்டி மேலயே ஒழுவுச்சி. நீ அடைக்கச் சொன்ன, நான் அடைக்கல. எம்போன நீ அரிசில வச்சியே, அது மாதிரி பொழச்சிக்கும்னு ரெண்டு நாளு நெல்லுல பொதச்சி வச்சேன். சொன்னா நம்ப மாட்டன்னு பயம். போதுமா?"

தையல் தலையில் கை வைத்துக்கொண்டாள். அருள்மொழி நம்பினாளா, இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜெயசீலன்தான் குறுக்கே வந்தார். பெட்டியின் மேல்தகட்டை உள்பக்கமாக விளக்கடித்துக் காட்டினார். தண்ணீர் இறங்கிக் காய்ந்த கோடு வெள்ளையாகத் தெரிந்தது, மேல் ஸ்க்ரூ இரண்டிலும் புதுத் துரு. ஐயா சொல்றது நிஜந்தான் மேடம், நல்லா நனைஞ்சிருக்குது என்றார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது. அதோடு நிறுத்தினாரா? நிறுத்தவில்லை. நெல் இதில் ஒன்றும் காப்பாற்றவில்லை, ஈரத்தோடு சுவிட்சைப் போடாமல் இரண்டு நாள் சும்மா விட்டதுதான் காப்பாற்றியது, பார்க்கப்போனால் இப்போது படம் வராததற்குக் காரணமே இந்த நெல்தான் என்று விளக்கமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னைக் கழுதை என்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

ஊதுகிற மிஷினை எடுத்து மூலை முடுக்கெல்லாம் ஊதினார். கூடம் முழுக்க உமி பறந்தது. விசிறிக்குள் மாட்டியிருந்த பதரைத் தூரிகையால் எடுத்தார். பச்சை அட்டையின் மஞ்சள் பல்லை ரப்பரால் தேய்த்துத் துடைத்து, பள்ளத்தில் வைத்து இரண்டு ஓரத்திலும் அழுத்தினார். டக் டக் என்று இரண்டு சத்தம் வந்தது. நான் மாட்டியபோது அந்தச் சத்தம் வரவே இல்லை.

சுவிட்சைப் போட்டார். விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. எங்கள் ஊர் அம்மன் பேரை எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. ஒரே ஒரு தடவை கூவியது. அடுத்த நொடி திரையில் வெள்ளையாக ஒரு எழுத்து, அப்புறம் நீலம், அப்புறம் கடவுச்சொல் கேட்டது. அருள்மொழி குனிந்து தட்டினாள். அவள் வரைந்த வீடுகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றும் போகவில்லை. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, நெல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னிக்கி நான் பேசுனது தப்புதாம்மா" என்றேன். கத்தாமல்தான் சொன்னேன், அதுவே தையலுக்கு ஆச்சரியம்.

அருள்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"பொட்டி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம் மாமா. நான் அதுக்கா அழுதேன்? என்ன இந்த வூட்டுக்கு ஆவாதவன்னு நெனச்சிட்டீங்களோன்னுதான் ராத்திரி பகலா தூக்கம் இல்ல. சொல்லியிருக்கலாம்ல."

ஆகாதவள் என்று நினைத்திருந்தால் மழையில் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடியிருப்பேனா? அதைச் சொல்லத் தெரியாமல் நெல்லைக் கையால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வாசலில் ஹாரன் அடித்தது. மணி நாலு. குட்டியானை வந்துவிட்டது. மடித்து வைத்த துணிப்பைகள் இரண்டும் வாசலிலேயே தயாராக இருந்தன. அருள்மொழி எழுந்து வெளியே போனாள். போகிறாளா, இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் சன்னலோரம் போய் நின்றேன். ஜெயசீலன் தகட்டை மூடி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார்.

கலைச்செல்வன் வண்டியை விட்டு இறங்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "பொட்டி எங்கக்கா? அந்தாளு ஒடச்சே போட்டுட்டாரா?" என்றான். நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்டான். அவன் வீட்டில் அத்தனை பேரும் அப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்குப் புரிந்தது. பதில் பேச என் நாக்குக்கு அன்றைக்கு யோக்கியதை இல்லை.

"மரியாதையா பேசு" என்றாள் அருள்மொழி. "மழ ஒழுவி பொட்டி முழுக்க நனஞ்சிடுச்சி. எங்க மாமாதான் ஒண்டியா தூக்கியாந்து, ரெண்டு நாளு நெல்லுல பொதச்சி வச்சி காப்பாத்தியிருக்காரு. அம்மாகிட்ட போய்ச் சொல்லு. காப்பி குடிச்சிட்டு வண்டிய திருப்பு."

ஜெயசீலன் திருகுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். நெல் காப்பாற்றவில்லை என்று அவருக்கு மறுபடி சொல்லத் தோன்றியிருக்க வேண்டும், உண்மை பேசுகிற மனுஷன். நான் சன்னலிலிருந்து திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேன். தையல் காது குத்து வீட்டு அதிரசத்தில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு அடுத்த ஸ்க்ரூவுக்குப் போனார்.

கலைச்செல்வன் காப்பி குடித்தான். என் பக்கம் பார்த்து, போய்ட்டு வரேங்க மாமா என்று முனகினான். அருள்மொழி வாசலில் இருந்த இரண்டு பைகளையும் உள்ளே எடுத்து வந்தாள். குட்டியானை காலியாகக் குலுங்கிக்கொண்டு போகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.